வெட்டுக்கூலி ஆறாயிரம்

களியக்காவிளை சோதனைச்சாவடிக்குக் கொஞ்சம் முன்னால்
இடப்பக்கம் இறங்கும் ரப்பர் விளைச் சரிவில்
பதினொன்றரை சென்ட், ஒரு மாடி வீடு.
கதவில் வங்கி ஒட்டிய தாளின் ஒரு மூலை
பசை விட்டுக் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.
விரலால் அழுத்தி ஒட்டினேன்,
அதற்குள் என் வீடு போல.

மூன்று தடவை வந்து பார்த்தேன்.
முதல் தடவை பைக்கை நிறுத்தாமல்.
இரண்டாம் தடவை குடிக்கத் தண்ணீர் கேட்டு;
மேடமாசத்திலும் கிணறு வற்றவில்லை என்று
அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.
மூன்றாம் தடவை நல்ல மழையில்,
மாடி ஒழுகுகிறதா என்று.

டைரியில் எழுதியது இவ்வளவு:
ஏலத் தொடக்கம் முப்பத்தொன்று நாற்பது.
பெயிண்ட், குளியலறை, ஒன்றரை.
ஆளைக் கிளப்ப எண்பதாயிரம்,
போலீசோடு என்றால் இன்னும் கொஞ்சம்.
முற்றத்து அயனியின் வேர் மதிலைத் தள்ளுகிறது,
வெட்டுக்கூலி ஆறாயிரம்.
பாறசாலைப் பக்கத்து டாக்டர் ஒருவர்
நாற்பத்தொன்றுக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தார்.

முன்பணம் மூன்று லட்சத்துப் பதினாலாயிரம்.
ரோஸ்பாய் கழுத்திலும் கையிலும் கிடந்ததைக் கழற்றி
மார்த்தாண்டத்தில் வைத்தோம்.
"ஒரு மாசம்தான், கேட்டியளா"
என்று அடகுச்சீட்டை அவளே மடித்து வைத்துக்கொண்டாள்.

ஏலநாள் பதினொரு மணிக்கு மேலாளர்
என்னை உள்ளே கூப்பிட்டு
மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.
நல்ல சேதிக்கு யாரும் விசிறியைக் கூட்டுவதில்லை.

கடனை மாற்றி எழுதியாயிற்றாம்.
மிச்சமிருந்த ஒன்பது வருடம் இருபத்திரண்டாகி,
கட்டாத பதினோரு மாத வட்டி
அசலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டு,
இருபத்தாறாயிரத்துத் தவணை
பதினேழாயிரத்து நூற்றைம்பதாகக் குனிந்துவிட்டது.
ஏலம் இல்லை.
முன்பணம் திரும்பும். அதற்கு வட்டி கிடையாது.

சரி, எனக்கு இதில் என்ன?
பத்தொன்பது நாள் நகைவட்டி போச்சு.
டாக்டரிடம் சொல்ல ஒரு பொய் வேண்டும்.
பாறசாலையில் என் லைன் வீடுகளுக்கும்
இதே கிளையில்தான் கடன்.
அந்தத் தவணையைக் குனியச் சொல்லி
நான் கேட்டதே இல்லை.
கேட்கலாம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது,
தோன்றியதும் வெட்கமாக இருந்தது.

வெளியே பெஞ்சில் தங்கநேசம்.
சார்ஜாவில் கணவனின் கம்பெனி மூடிய பிறகு
அண்டியாப்பீசுக்குப் போகிறவள்,
விரல்நுனிகளெல்லாம் கறுத்து.
தண்ணீர் கேட்ட ஆளை அடையாளம் தெரிந்தது.
எதற்குக் கேட்டேன் என்பது
தெரிந்ததா என்று தெரியவில்லை.

"கணக்கு அறிஞ்ச ஆளு போல இருக்கு.
இதெல்லாம் கெட்டி முடிக்கையில
மொத்தம் எவ்வளவு ஆவும்?"

ஏலப் படிவத்தின் பின்பக்கத்தில் பெருக்கினேன்.
நாற்பத்தைந்து லட்சத்து
இருபத்தேழாயிரத்து அறுநூறு.
டாக்டர் தருவதாகச் சொன்னதைவிடக் கூடுதல்.
சொல்லும்போது அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.
அவளும் தாளைப் பார்க்கவில்லை.

"இருவத்திரண்டு வருசத்துல
அந்த அயனி ரெண்டு ஆள் சேர்ந்து கெட்டிப்பிடிக்க இருக்கும், அண்ணா.
நீரோடிக்காரன் இப்பமே வள்ளத்துக்குக் கேக்கான்.
குடுக்கல."

பஸ்ஸில் டைரியைத் திறந்தேன்.
மாற்றி எழுதிய கடன்களில் சில
ஒன்றரை வருடத்தில் மறுபடி முறியும்,
நான் இரண்டு வாங்கியிருக்கிறேன் அப்படி.
வருகிற வருடத்துக்கு அடுத்த தையில்
பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.
வைக்காமலிருக்க எனக்குத் தெரியாது.

பிறகு வெட்டுக்கூலியை அடித்தேன்.
பக்கத்தில் மரம் என்று எழுதி,
எவ்வளவு போடுவதென்று தெரியாமல்
குழித்துறைப் பாலம் வரைக்கும்
பென்சிலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.